செம்பூர் கட்டடத்தின் மூன்றாம் மாடி பால்கனி

சிவில் இன்ஜினியரிங் முடித்து ஸைட்டுக்கு வருகிறவனுக்கு முதலில் கொடுக்கிற வேலை, லாரியிலிருந்து இறங்கும் செங்கலை எண்ணுவது. நான் அறுபதுகளில் பம்பாயில் எண்ணினேன். நீங்கள் எந்த ஊரில் எண்ணப் போகிறீர்களோ, தெரியாது. காலேஜில் ‘கட்டட நிர்வாகம்’ என்று ஒரு பாடம் வைத்து, திட்டமிடுதல், ஆள் அமர்த்துதல், மேற்பார்வை என்று நம்பர் போட்டு எழுதிப் போட்டிருப்பார்கள். எழுதிக்கொள்ளுங்கள், பரீட்சைக்கு வரும். நான் சொல்லப் போவது பரீட்சைக்கு வராது. செம்பூரில் ஒரே ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் நான் பட்டதும், என்னால் இன்னொருவர் பட்டதும்தான். நீங்களும் படப் போகிறவர்கள் என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

சுவரில் மாட்டிய சார்ட்

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. வீடு மாட்டுங்காவில். காலையில் ரயிலேறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கி ஸைட்டுக்கு நடப்பேன். எங்கள் ப்ராஜக்ட் இன்ஜினியர் கோபாலனும் மாட்டுங்காதான், பூர்விகம் பாலக்காடு. முதல் வாரமே ஒரு பெரிய கிராஃப் பேப்பரைக் கொடுத்து, அஸ்திவாரம் எந்த வாரம், தூண் எந்த வாரம், எந்த மாடி ஸ்லாப் எந்த வாரம் என்று கோடு போட்டு ஒரு சார்ட் தயார் பண்ணச் சொன்னார். நாலு நாள் உட்கார்ந்து கலர் பென்சிலில் போட்டேன். பம்பாய் மழையை நம்ப முடியாது என்பதால் ஜூனிலிருந்து தாராளமாக இடம் விட்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வேலையைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

கோபாலன் அதை மேஜையில் விரித்து, ரப்பரை எடுத்து, மழைக்காக நான் விட்டிருந்த இடத்தையெல்லாம் அழித்தார். தீபாவளிக்கு வீடுகளை ஒப்படைத்துவிடுவதாகக் கட்டடத்துச் சொந்தக்காரரான சேட் எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம். மூன்றாம் மாடி ஸ்லாப் ஜூனுக்கு வந்து உட்கார்ந்தது. “மழை வந்தால் இப்படி வேலை நடக்காதே சார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. “நடக்கறதுக்கா சார்ட் போடறோம்? சேட் வந்தா பாக்கறதுக்கு சுவத்துல ஒண்ணு வேணும்டா அம்பி.”

எட்டுப் பேர்

கம்பி கட்டுகிற வேலைக்குச் சுடலைமுத்து என்று ஒருத்தர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் குடியிருப்பு. என்னைவிட ஆறேழு வயது கூட இருக்கும். முன்கோபி. பிளானை ஒரு தரம் பார்த்தால் போதும், மறுபடி கேட்க மாட்டார். நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கம்பிக்குக் கம்பி இடைவெளி அளக்கப் போனால், “அளங்க சாமி, நல்லா அளங்க” என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பார். மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தப்பு அகப்படவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு, இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன.

அவர் தினக்கூலிதான். ஆனால் இந்தக் கட்டடத்தில் நாலு மாடியும் கம்பி வேலை பழுதில்லாமல் முடிந்தால், சேட்டின் அடுத்த இரண்டு கட்டடங்களுக்கும் கம்பி வேலையை அவர் பொறுப்பிலேயே விடுவதாகக் கோபாலன் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி மனுஷர் ஊரிலிருந்து மச்சினனை வரவழைத்துவிட்டார். தாராவியில் தன் சந்தில் இருக்கிற ஆட்களை வேறு மேஸ்திரியிடம் போகாமல் நிறுத்தி வைத்திருந்தார். இதையெல்லாம் ஒரு நாள் கம்பியை வளைத்துக்கொண்டே எனக்குச் சொன்னார். சொல்லி முடித்ததும் குனிந்த தலை நிமிராமல், “இந்தக் கட்டடத்துல எம்மேல ஒரு சொல்லு வந்திரக் கூடாது சாமி, எட்டுப் பேருகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்” என்றார்.

ஸ்டோரில் இல்லாதது

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்லாபில் கம்பி அடியில் இருக்கும். பால்கனி அப்படியில்லை. அது ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பலகை. பாரம் கீழே இழுக்கும்போது மேல்பக்கம்தான் கிழியும். ஆகவே கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடுகிறவரை அது மேலேயே நிற்பதற்கு, அடியில் வளைத்த சின்னக் கம்பிகளை முட்டுக் கொடுப்போம். அதற்குச் சேர் கம்பி என்று பெயர்.

மூன்றாம் மாடிக்குச் சுடலைமுத்து நாற்பது சேர் கம்பி கேட்டார். நான் சீட்டெழுதிக்கொண்டு ஸ்டோர் கீப்பர் பாட்டீலிடம் போனேன். மராத்திக்காரர். பல வருஷம் தமிழர்களோடு வேலை பார்த்ததில் தமிழ் ஒரு மாதிரி வரும். பிளானை விரித்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். பிளான் வரைந்த புண்ணியவான் அதில் சேர் கம்பி காட்டவில்லை. கம்பிக்கு அப்போது இருந்த தட்டுப்பாட்டில் துண்டுக் கம்பிக்குக்கூட அவர் கணக்குச் சொல்ல வேண்டும். கோபாலனிடம் போனேன். ‘கல் வைத்துச் சமாளிக்கவும்’ என்று என் சீட்டின் மேலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்து இன்னொரு தரம் கெஞ்சினேன். பாட்டீல் பிளானைச் சுருட்டி என் கையில் கொடுத்து, “நக்ஷாவில் இல்லாட்டி ஸ்டோரில்கூட இல்லே ஸாப்” என்றார்.

பரீட்சைக்குப் போகும் கட்டிகள்

ஸ்லாப் போடுகிற அன்றைக்குப் போடுகிற கான்கிரீட்டிலிருந்தே கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சில் ஆறங்குலக் கட்டிகளாகப் பிடித்து, ஒரு மாதம் கழித்து லாபரட்டரிக்கு அனுப்பி உடைத்துப் பார்க்க வேண்டும். கட்டி தாங்கினால் ஸ்லாபும் தாங்கும் என்று அர்த்தம். காலேஜில் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த விதமே கோயிலில் அர்ச்சனை செய்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் மிக்ஸர் ஓட்டுகிறவர் என்னைக் கண்டதும் மிக்ஸரை நிறுத்திவிட்டு, ஒரு தட்டில் தனியாகச் சிமென்டை அள்ளி அள்ளிப் போட்டுக் கையால் கலந்து, வெண்ணெய் மாதிரி கொண்டுவந்து அச்சுக்களில் நிரப்பினார். “இது ஸ்லாபுக்குப் போகிற கான்கிரீட் இல்லையே” என்றேன். எல்லா ஸைட்டிலும் இப்படித்தான் என்றார். நான் கோபாலனைத் திரும்பிப் பார்த்தேன், அவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிக்ஸர்காரர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், “பரீட்சைக்குப் போற பிள்ளைக்கு ரெண்டு இட்லி கூடப் போட்டுத்தானே சார் அனுப்புவாங்க?” என்றார்.

ஸ்லாப் போட்ட நாள்

அதே நாள்தான். டிராம்பே பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று கோபாலன் மேலும் கீழும் பறந்தார். கம்பிமேல் நடக்காமல் இருப்பதற்குப் போடும் பலகைகளைச் சேட்டின் சயான் ஸைட்டுக்கு முந்தின நாளே கொண்டுபோய்விட்டார்கள். கான்கிரீட் சட்டி சுமக்கிற பெண்கள் வேறெங்கே நடப்பார்கள்? கம்பிமேலேயே நடந்தார்கள். அடியில் முட்டுக் கொடுத்திருந்த கல்லெல்லாம் உருண்டு, பால்கனிக் கம்பி மிதிபட்டு இறங்கியது. சுடலைமுத்து ஒரு கொக்கியை வைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே கம்பியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தாராம்.

‘தூக்கி விட்டுக்கொண்டிருந்தாராம்’ என்கிறேன், ஏனென்றால் நான் பார்க்கவில்லை. மேற்பார்வை இன்ஜினியராகிய நான் கீழே சேட்டுக்கும் அவரோடு வந்த நாலு பேருக்கும் இளநீர் சீவிக் கொடுக்க ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன். சுடலைமுத்து மூன்று மாடியும் இறங்கி ஓடி வந்து, அரை மணி நேரம் வேலையை நிறுத்தச் சொன்னார். நான் கோபாலனிடம் போய்ச் சொன்னேன். சேட் முன்னால் நிறுத்துவதாவது என்று அவர் என்மேல் பாய்ந்தார். நான் இன்னொரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம். நாங்கள் மேலே போவதற்குள் பால்கனியை மூடிவிட்டார்கள், மட்டப்பலகை போட்டு இழுத்தாகிவிட்டது. சுடலைமுத்து கையிலிருந்த கொக்கியை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, “நான் கட்டும்போது மேல இருந்த கம்பி சாமி, இப்ப எங்க கிடக்குன்னு அந்த முருகனுக்குத்தான் தெரியும்” என்றார்.

முட்டு பிரித்தபோது

ஸ்லாபைத் தாங்கிக் கீழே நிறுத்தியிருந்த மரமுட்டுகளை உரிய நாள் கழித்துத்தான் பிரித்தோம். அதில் யாரும் அவசரப்படவில்லை. காலையில் பிரித்தார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் பால்கனி, சுவரைத் தொடுகிற இடத்தில், மேலே ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கோடு கிழித்த மாதிரி விரிந்துவிட்டது. நுனி இரண்டு விரற்கடை தொங்கிப் போயிருந்தது. அலறியடித்துக்கொண்டு முட்டுகளைத் திரும்பக் கொடுத்தோம். கீழே ஆள் இல்லாமல் போனது எங்கள் சாமர்த்தியமில்லை, சாப்பாட்டு நேரம், அவ்வளவுதான்.

சேட் வெளியிலிருந்து ஒரு கன்ஸல்டன்டை அழைத்து வந்தார். ஒரு மூலையை உளியால் கொத்திப் பார்த்தார்கள். மேலே இருக்க வேண்டிய கம்பி கான்கிரீட்டின் அடிவயிற்றில் கிடந்தது. கட்டிகள் லாபரட்டரியில் முதல் வகுப்பில் தேறிவிட்ட காகிதம் அதற்குள் வந்திருந்தது. பலகை எங்கே, சேர் கம்பி எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் கோபாலனும் சொல்லவில்லை. பின்னால் நின்ற சுடலைமுத்து வாயைத் திறந்தார், கோபாலன் கையமர்த்தினார். கன்ஸல்டன்ட் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னது இதுதான்: “டிசைன் சரி, கான்கிரீட் சரி, அப்படியானால் கம்பி கட்டியவன்தானே மிச்சம்?”

ரிப்போர்ட்

மறுநாள் கோபாலன் தகரக் கொட்டகை ஆபீஸின் கதவைச் சாத்திக்கொண்டு ரிப்போர்ட்டை அவரே டைப் அடித்தார். ஃபிட்டர், அதாவது சுடலைமுத்து, கம்பியைத் தவறான மட்டத்தில் கட்டியதால் பழுது ஏற்பட்டது என்று நாலு வரி. அடியில் என் பெயர். ஸ்லாப் போடுமுன் நான் கம்பியை அளந்து பார்த்துச் சரியாக இருந்ததாக என் நோட்டில் எழுதியிருக்கிறேனே என்றேன். “அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடு” என்றார். மேஜையில் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்தாகாமல் கிடந்தது. வீட்டில் அப்பா ரிட்டையராகி எட்டு மாதம், அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். இதையெல்லாம் உங்கள் மனம் இளகட்டும் என்று சொல்லவில்லை. அன்றைக்கு என் மனசில் ஓடியதைச் சொல்கிறேன்.

கோபாலன் கெட்டவர் இல்லை. அவருக்கும் மூன்று குழந்தைகள். பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டிக்கொண்டு, ஏதோ கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் மாதிரி பொறுமையாகச் சொன்னார். “நீ கையெழுத்துப் போடலேன்னா நீயும் போவாய், நானும் போவேன், அவனும் போவான், போட்டா அவன் ஒருத்தன்தான் போவான், இதுதாண்டா மேனேஜ்மென்ட்.”

போட்டேன்.

தமிழில் சொல்லுங்க

நாலு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும். சுடலைமுத்து தன் கொக்கிகளையும் கம்பி வளைக்கும் சாவியையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். நிறுத்தி வைத்திருந்த எட்டுப் பேரில் ஆறு பேர் வேறு மேஸ்திரியிடம் போய்விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மச்சினன் வாசலில் நின்றான். சேட்டின் ஸைட் எதிலும் இனி அவரைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. திட்டுவார், கை ஓங்கினாலும் ஓங்குவார் என்று எழுந்து நின்றேன். அவர் உட்காரக்கூட இல்லை. “அந்த ரிப்போட்டுல என்னமோ எழுதிருக்காமே சாமி, எனக்கு இங்கிலீசு தெரியாது, தமிழ்ல சொல்லுங்க” என்றார்.

ஃபைலை எடுத்தேன். கார்பன் காப்பியை மேஜையில் விரித்தேன். அதைப் பார்த்துக்கொண்டே, இல்லாததை வாசித்தேன். கான்கிரீட் போடும்போது கம்பி இறங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறது, யார் மேலும் குற்றமில்லை என்று எழுதியிருக்கிறது, மேலிடத்து உத்தரவால்தான் ஆளைக் குறைக்கிறார்கள் என்று வரிக்கு வரி விரல் வைத்துச் சொன்னேன். “அவ்வளவுதானா?” என்றார். “அவ்வளவுதான்” என்றேன். சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். என் முகத்தை நன்றாக ஒரு தரம் பார்த்துவிட்டு, சத்தம் கூட்டாமல் சொன்னார்: “பாட்டீல் நேத்தே வாசிச்சுக் காட்டிட்டாரு சாமி, நீங்க என்ன சொல்லுதியன்னு கேக்கத்தான் வந்தேன்.”

அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமாகிவிட்டது, ‘ஆட்களை நிர்வகிக்கத் தெரிந்தவர்’ என்று என்னைப் பற்றி அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள், நீங்கள் ஒரு வருஷம் உட்கார்ந்து படிக்கப் போகிற பாடத்தில் நான் தேறியது அப்படித்தான்.