நாலு மூலையும் மூன்றாம் மேசையும்

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ‘வீண்’ என்பதுதான் பெரிய பாவம். தேவையில்லாமல் நடந்தால் வீண், காத்திருந்தால் வீண், ஒரே வேலையை இரண்டு தடவை செய்தால் வீண். சுவர் முழுக்க எழுதி ஒட்டியிருப்பார்கள். வீணைக் குறைக்க யோசனை சொல்கிறவருக்கு ஒரு சான்றிதழும் அறிவிப்புப் பலகையில் ஒரு படமும் கிடைக்கும். அந்தப் பலகையில் வெகுநாளாகச் சிரித்துக்கொண்டிருந்தவர் எங்கள் லைன் லீடர் அக்கா.

ஆயர் ஈத்தாமிலிருந்து இருவரும் ஒரே ஃபேக்டரி பஸ்ஸில்தான் பதினொரு வருடமாகப் போய் வருகிறோம். எனக்கு முந்தின ஸ்டாப்பில் ஏறி, பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பார். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ரசம் கொண்டுவந்து கொடுத்தவர். கூடப் பிறந்தவர்களிடம் சொல்லாததையெல்லாம் நான் அவரிடம்தான் சொல்லுவேன்.

அவருக்குப் படம் வாங்கித் தந்த யோசனை இதுதான். நாங்கள் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துச் சோதிக்கும் பாகங்கள் நகத்தளவுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கம்பிக் கால்கள். சோதித்தவற்றை ட்ரேயில் அடுக்கி, மூடி போட்டு அனுப்புவோம். மூடியைப் போடுவதும் கழற்றுவதும் வீண் என்றார் அக்கா. ட்ரேக்கு மேல் ட்ரே வைத்தால் மேல் ட்ரேயே மூடியாகிவிடும். அத்தோடு மூடிகள் எல்லாம் ஸ்டோருக்குப் போய்விட்டன.

எனக்கு அது ஆரம்பத்திலேயே மனதுக்குச் சரிப்படவில்லை. மேல் ட்ரே கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் கீழே இருக்கும் கால்களை அழுத்தும். அதனால் ஒவ்வொரு ட்ரேயையும் வைத்த கையோடு நாலு மூலையையும் விரலால் தொட்டுப் பார்த்துவிடுவேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. வேலைக் குறிப்பிலும் அப்படி ஒரு வரி கிடையாது. மற்ற மேசைகளில் ஒருத்தரும் செய்ததில்லை.

கால் வளைந்த பாகங்கள் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது, எனக்கு ஒரு நல்ல காலம் பிறக்கவிருந்த நேரத்தில்தான். பயிற்சியாளர் வேலை ஒன்று காலியாகியிருந்தது. காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம், ஷிஃப்ட் கிடையாது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். வாரம் விட்டு வாரம் அவளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுவது எனக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. அந்த வேலைக்கு என் பெயரைப் பரிந்துரைத்திருந்தவரும் அக்காதான்.

பிழை வந்தால் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டுக் காரணத்தைத் தோண்டி எடுப்பது எங்கள் வழக்கம். அதற்கு ஒரு விதி உண்டு: ஆளைக் குறை சொல்லக் கூடாது, பெயர் எழுதக் கூடாது, வேலை செய்யும் முறையில்தான் பிழையைத் தேட வேண்டும். கூட்டத்துக்குப் போகும் அன்று பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உள்ளத உள்ளபடி சொல்லு லா. அங்க யாரும் ஆளப் பாக்க மாட்டாங்க. நான்தானே எழுதப் போறேன்.”

சொன்னேன். மூடி இல்லாததால் மேல் ட்ரே கால்களை அழுத்துகிறது என்றேன். நாலு மூலையைத் தொட்டுப் பார்க்கும் என் பழக்கத்தைச் சொன்னேன். அவசரமான நாட்களில் நானும் அதை விட்டுவிடுவதுண்டு என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வரியைச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்தோ. மற்ற மேசைக்காரர்கள் வாயே திறக்கவில்லை. மேனேஜர் தலையாட்டினார், அக்கா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அக்கா என் மேசைக்கு வந்து, மூலை தொடுவதைச் செய்துகாட்டச் சொல்லி என் கைகளைப் படமெடுத்தார். வேலைக் குறிப்பில் சேர்க்கப் போகிறோம், உன் கைதான் லட்சணமாக இருக்கிறது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பயிற்சியாளர் வேலை கிடைத்தே விட்டது என்று நினைத்து, இனி தினமும் அம்மாதான் உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவேன் என்று மகளிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் அறிக்கையைப் பலகையில் ஒட்டினார்கள். கால் ஏன் வளைந்தது, மேல் ட்ரே ஏன் அழுத்தியது என்பது வரை சரியாகத்தான் இருந்தது. நாலாவது ‘ஏன்’ என்பதற்குப் பதில், மூன்றாம் மேசையில் மூலைகள் சோதிக்கப்படவில்லை. ஐந்தாவதற்கு, கவனக்குறைவு. மூடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விதிப்படி பெயரும் இல்லை, மேசை எண் மட்டும்தான். மூன்றாம் மேசையில் உட்காருவது யாரென்று கேன்டீனில் சோறு போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

யாரும் செய்யாத ஒன்றை நானாகச் செய்தேன். அதைச் சில நாள் விட்டது குற்றமாம். ஒரு நாள்கூடச் செய்யாதவர்கள் எல்லாரும் சுத்தம். எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். கடிதம் வாங்கியவருக்குப் பயிற்சியாளர் வேலை கிடையாது.

வேலை முடிந்து பஸ் ஏறியபோது, அக்கா வழக்கம்போலக் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தார். உட்காராமலே கேட்டேன், மூடியை ஏன் எழுதவில்லை என்று. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“மூடி விசயம் மேல வரைக்கும் போயிருச்சுமா. மத்த லைன்லயும் செய்யப் போறாங்க. அத தப்புன்னு நானே எப்படி எழுதுறது? ஒனக்கு ஒரு லெட்டர்தானே, ஒரு வருசத்துல போயிரும் லா.”

அந்த லெட்டர் என்னிடமிருந்து எதைப் பறிக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. கோபத்தைவிட எனக்கு வெட்கமாக இருந்தது, இத்தனை வருடம் அந்தச் சீட்டில் உட்கார்ந்து மனதைக் கொட்டியதற்கு. கடைசி வரிசைக்குப் போய்விட்டேன்.

இப்போது எல்லா மேசையிலும் என் கைகளின் படம் ஒட்டியிருக்கிறது. வெள்ளைக் கையுறை போட்ட கைகள், யாருடையதாகவும் இருக்கலாம். நாலு மூலைச் சோதனைக்கும் அக்காவுக்குச் சான்றிதழ் கிடைத்தது. மூடி போட்டுக் கழற்றுவதைவிட மூலை தொடுவதற்கு நேரம் கூடுதலாகிறது. அதை மட்டும் யாரும் வீண் என்று சொல்லவில்லை.

போன மாதம் மறுபடியும் கால் வளைந்த பாகங்கள் திரும்பி வந்தன. எனக்குக் காரணம் தெரியும். ட்ரேகள் பழசாகி நடுவில் தொய்ந்துவிட்டன. நாலு மூலையும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தாலும் நடுவில் இருக்கும் கால்களை அழுத்தும். கூட்டத்தில் மேனேஜர், இங்கே யாரையும் குறை சொல்ல மாட்டோம், தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று என் பக்கம் திரும்பினார். அக்காவும் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

குறிப்பில் உள்ளபடி நாலு மூலையும் தொட்டேன், வேறு எதுவும் எனக்குத் தெரியாது என்றேன். அக்கா அதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதிக்கொண்டார்.