நான் மாட்டிய கம்பி வலை

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி மாதம். எம்.கே.பி. நகரில் ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஆடி வந்தால் மூச்சுவிட நேரம் இருக்காது. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், கிழிந்ததும் கருகியதுமாக ஸ்பீக்கர்கள் கடையில் வந்து குவியும். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். ரிப்பேரோடு நாலு திட்டும் சேர்த்துத்தான் கொடுத்தனுப்புவேன்.

அந்த நெருக்கடியில் எர்ணாவூரிலிருந்து ஒரு அம்மா கும்மென்று அதிரும் பத்து இன்ச் சப்வூஃபர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஏழெட்டு வயதில் அவருடைய பெண். "பாட்டு போட்டா கரகரன்னு கீதுண்ணா" என்றார்.

ஸ்பீக்கரைக் கழற்றி மீட்டர் வைத்தேன். காயில் என்கிற கம்பிச் சுருள் சரியாகத்தான் காட்டியது, கருகின வாசனையும் இல்லை. கோன், அதாவது அந்த அட்டைக் கூம்பு, அதன் மேல் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெல்ல அழுத்தினேன். உள்ளே உரசியது. ஒரு ஓரம் மட்டும் அமுங்கி அழுக்கேறிக் கிடந்தது. யாரோ தினமும் அதே இடத்தில் அழுத்தியதில் காயில் சாய்ந்து காந்தத்தில் உரசுகிறது.

"யாரும்மா இதுல கை வெக்கறது? இன்னா, வெளையாட்டு சாமானா இது? இனிமே யாரும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்" என்று எகிறினேன். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விட்டால்தானே! குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

புது கோன் போட்டு, காயிலை நடுவில் நிறுத்தி ஒட்டினேன். கேட்காமலே முன்னால் ஒரு கம்பி வலையையும் வைத்து முடுக்கினேன். நான் செய்த வேலை திரும்பி வரக் கூடாது பாருங்கள், அந்தத் திமிர்.

பத்து நாள் கழித்து எர்ணாவூரில் ஒரு கோயில் வேலைக்குப் போனபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். "செட்டு எப்படிம்மா பாடுது?" என்றேன் பெருமையாக.

"யாரு போடறாங்க? பாப்பாவுக்குன்னுதான் வெச்சிருந்தோம். அதுக்குப் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது. மேல கைய வெச்சுக்கினு, அது அதிர்ந்தா சிரிக்கும். நீங்க தொடக் கூடாதுன்னீங்க. அது கேக்காம வலை மேல வெச்சுது, நான்தான் முதுகுல ரெண்டு வெச்சேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"எங்கண்ணா சொல்ல வுட்டீங்க?"

அப்போதே அவர் வீட்டுக்குப் போய் வலையைக் கழற்றினேன். பாட்டைப் போட்டுவிட்டு, கோன் மேல் என் கையை வைத்துக் காட்டிக் குழந்தையைக் கூப்பிட்டேன். கிட்டே வந்தது. ஸ்பீக்கரைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. அந்த அம்மா கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. பாட்டு முடியும்வரை நான் மட்டும்தான் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போதெல்லாம் பழுது எதுவென்று தெரிந்த பிறகும், 'உங்க வீட்ல இதை யார் கேப்பாங்க?' என்று விசாரித்து, பதிலை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். அந்தக் குழந்தைக்கு மட்டும் அது உதவாமல் போய்விட்டது.