கண் மருத்துவமனை மீன்தொட்டி

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் 'ஈரக்கை' என்றுதான் சொல்வார்கள். கதவைத் தட்டினால் முழங்கை வரை நனைந்த சட்டைக் கைதான் முதலில் வெளியே வரும், முகம் அப்புறம்தான். வயது நாற்பத்து மூன்று. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவள். புருஷன் கண்ணாடி வெட்டுகிறவர். ஜன்னலும் அலமாரிக் கதவுமாக ஓடிக்கொண்டிருந்த கடையில் ஒரு நாள் யாரோ மீன்தொட்டி கேட்க, அவரும் ஐந்து கண்ணாடிப் பலகையை ஒட்டிக் கொடுத்தார். வெறும் தொட்டி மொட்டையடித்த மாதிரி இருக்கிறதே என்று இவள் ஒரு மூலையில் நாலு நீர்ச்செடி நட்டுவைத்தாள். அதைப் பார்த்தவர்கள் வந்தார்கள், அவர்களைப் பார்த்தவர்கள் வந்தார்கள். பதினோரு வருஷமாக இருவருக்கும் அதுவே தொழிலாகிவிட்டது. அளப்பதும் ஒட்டுவதும் அவர். தண்ணீருக்குள் நடக்கிற எல்லாமே இவள்.

இத்தனை வருஷத்தில் அவள் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற வேலை ஒன்றுதான். அது ஒரு கண் மருத்துவமனைக்காரர் கொண்டுவந்தது.

அவர் அங்கே மேனேஜர். மருத்துவமனை நடத்தும் பெண் டாக்டருக்குக் கூடப்பிறந்த அண்ணன். கடைக்குள் வந்ததும் வராததுமாக போனை நீட்டினார். படத்தில் ஒரு தொட்டி. கிளை விரித்த பெரிய மரம், அடியில் பாறைகள், ஊதாவும் சிவப்புமாகச் செடிகள். பாறை இடுக்கிலிருந்து வெள்ளையாக ஓர் அருவி.

"புதுசா காத்திருப்பு ஹால் கட்டுறோம். அங்க இது வேணும். இதே மாதிரி, ஒரு இலை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"யாரு வெச்ச தொட்டி சார் இது?"

"யாரும் வெக்கல. கம்ப்யூட்டர் வரைஞ்சது. நான் நாலு வரி சொன்னேன், அரை நிமிஷத்துல நாப்பது படம் குடுத்துச்சு. இதுதான் வேணும்னு தங்கச்சியே எடுத்துக் குடுத்தா."

"அப்போ இப்படி ஒரு தொட்டி எங்கயுமே இல்லையா?"

"இல்ல. இருந்தா நான் ஏன் உங்ககிட்ட வரேன்?"

அந்தப் பதிலில் ஏதோ பெருமை இருந்த மாதிரி பட்டதால் அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆழம் தெரியாமல் காலை விட்டது அப்போது தெரியவில்லை.

நாத்தனார் நாலு கடை தள்ளி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். படத்தைக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி எடுத்துக் கொடுத்தாள். சுவரில் ஒட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, ஈரக்கைக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. ஒரு வேர் பாறைக்குப் பின்னால் போனது, வெளியே வரும்போது பாறைக்கு முன்னால் இருந்தது. ஒரு செடி அடியில் அகல இலையாகத் தொடங்கி, நுனியில் ஊசி இலையாக முடிந்தது. நடுவில் எங்கே மாறியது என்று விரலை வைத்துத் தேடினாள், கிடைக்கவில்லை. வெளிச்சம் மேலேயிருந்து விழுந்தது. நிழலும் மேல்பக்கமாகவே விழுந்திருந்தது.

புருஷன் அளவுகோலோடு வந்தார். முன்கண்ணாடியை அளந்தார், பக்கக் கண்ணாடியை அளந்தார். பிறகு அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தாம்மா, இதுல பின்பக்கக் கண்ணாடியே இல்ல. தண்ணி எதுல நிக்குது?"

"அத விடுங்க. தண்ணிக்குள்ள அருவி விழுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் படத்துக்குக் கிட்டே போய் எட்டிப் பார்த்தார். "தண்ணிக்குள்ள தண்ணி விழுந்தா, விழுந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

கூடவே நின்றிருந்த நாத்தனார் சிரித்தாள். "அண்ணி, வரைஞ்சவன்கிட்டயே கேட்டுட்டாப் போச்சு!" என்று போனில் அந்தக் கம்ப்யூட்டரிடமே ஊதாச் செடியின் பெயரைக் கேட்டாள். அது கொஞ்சமும் தயங்காமல் வாய்க்குள் நுழையாத நீளப் பெயர் ஒன்றைச் சொன்னது. எவ்வளவு வெளிச்சம் வேண்டும், எந்த மண்ணில் வளரும் என்றும் சொன்னது. ஈரக்கை நிம்மதியாகச் செடி வியாபாரிக்கு போன் போட்டாள்.

"அக்கா, முப்பது வருஷமா இந்த வியாபாரத்துல இருக்கேன். அப்படி ஒரு செடி கிடையாது. அந்தப் பேர்ல மாத்திரை வேணா இருக்கும்."

அதைத் திருப்பிக் கேட்டபோது கம்ப்யூட்டர் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறொரு பெயர் சொன்னது. அதுவும் கிடையாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது அவளுக்கு. ஒரு மனசு, போய் முடியாதென்று சொல்லிவிடலாம் என்றது. இன்னொரு மனசு, ஒரு படம் நம்மைத் தோற்கடிப்பதா என்றது.

இரண்டாவது மனசுதான் ஜெயித்தது. படத்து மரத்தைப் போல ஒரு கட்டை உலகத்தில் இல்லை என்று தெரிந்ததும், ஐந்து கட்டைகளை அறுத்து ஒட்டி ஒரே மரமாக்கினாள். ஒட்டிய இடங்கள் தெரியாமல் பாசியை வைத்து நூலால் சுற்றினாள். ஊதாச் செடிக்குப் பதிலாகச் சிவப்புத் தண்டுச் செடியை நட்டு, மேலே நீலம் கலந்த விளக்கு போட்டாள். எதிரே நின்று பார்த்தால் ஊதா மாதிரித்தான் இருந்தது. அருவிக்கு மாவு போன்ற வெள்ளை மணல். பாறைக்குப் பின்னால் ஒரு குழாய் விட்டு, காற்றால் மணலை மேலே ஏற்றி, இடுக்கு வழியாகக் கீழே விழவைத்தாள். மூன்று நாள் குழாய் அடைத்துக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் மணல் சரசரவென்று இறங்கியது. அசல் அருவி. புருஷன் கையைத் துடைத்துக்கொண்டு, "அடிப்பாவி!" என்றார். அவர் வாயிலிருந்து வரும் பாராட்டு அவ்வளவுதான்.

ஹாலில் இன்னும் வேலை முடியாத சமயத்திலேயே தொட்டியை வைத்துவிட்டார்கள். புதுத் தண்ணீரில் பழைய இலைகள் கரைந்து உதிர்ந்து, பிறகு புது இலை வந்தது. சிவப்புச் செடி சிவக்க வேண்டுமென்றால் வெளிச்சம் நிறைய வேண்டும். அதனால் மேலே நாலு விளக்கு. ஏழாவது வாரம் மேனேஜர் தொட்டிக்குப் பக்கத்திலேயே அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எது படம், எது தொட்டின்னு எனக்கே தெரியலம்மா!" என்றார். ஈரக்கைக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஹால் திறந்து மூன்றாம் நாள், தண்ணீரைச் சோதிக்க அவள் போனாள். உள்ளே நுழைந்ததும் திகைத்து நின்றுவிட்டாள். நாற்காலிகள் எல்லாம் திருப்பிப் போடப்பட்டிருந்தன. இருபது பேரும் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இடம் கிடைக்காமல் இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்த ஒருவர், பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகை தலைகீழாக இருந்தது.

என்ன தப்பு செய்தோம்? தண்ணீர் கலங்கியிருக்கிறதா, மீன் செத்து மிதக்கிறதா, நாற்றம் அடிக்கிறதா? சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் பளிங்கு மாதிரி இருந்தது. அருவி கூட நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் டாக்டர் வெளியே வந்தார். "நீங்கதான் தொட்டி வெச்சவங்களா? லைட்டக் கொஞ்சம் அணைக்க முடியுமாம்மா? இவங்களுக்கெல்லாம் சொட்டு மருந்து விட்டிருக்கு. கண்ணு பாப்பா விரிஞ்சிருக்கும். கிட்ட இருக்கறது கலங்கலாத் தெரியும், வெளிச்சம் ஊசி மாதிரி குத்தும். முக்கா மணி நேரம் இப்படியே உக்காரணும்."

"நீங்கதான் இந்தப் படத்த எடுத்துக் குடுத்ததா சார் சொன்னாரு..."

"ஆமா." டாக்டர் சட்டத்துக்கு அருகில் போய், படத்தின் இடது மூலையில் விரலை வைத்தார். மரத்துக்கடியில் இருட்டாக, ஒன்றுமே இல்லாத ஓர் இடம். "நாப்பது படத்துல இதுல மட்டும்தான் இப்படி ஒரு இருட்டு இருந்துச்சு. கண்ணுக்கு இதமா இருக்கும்னு நெனச்சேன்."

"அருவி?"

"எந்த அருவி?" டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "ஓ, இதுவா! நான் பாறையில ஏதோ வெடிப்புன்னு நெனச்சேன்."

ஈரக்கைக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. விளக்கை அணைத்தாள். பத்து நாளில் சிவப்புச் செடி இலைகளை உதிர்க்கத் தொடங்கியது. போட்டால் ஆட்களுக்கு ஆகவில்லை, அணைத்தால் செடிக்கு ஆகவில்லை. ஏழு வாரம் அந்தப் படத்தில் ஒவ்வொரு இலையாக எண்ணியவள், இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு தடவை கூட யோசிக்கவில்லையே என்று வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து முழித்தாள்.

"கலங்கலாத் தெரியறவங்களுக்கு என்ன தெரியும்?" என்று புருஷனைக் கேட்டாள்.

"அத என்கிட்ட கேட்டா? எனக்கு மில்லிமீட்டர் வரைக்கும் தெரியும்."

மறுநாள் நேராக டாக்டரிடம் போனாள். "டாக்டர், என் கண்ணுலயும் அந்த மருந்த விடுங்க."

டாக்டர் முதலில் மறுத்தார். பிறகு அவளை உட்காரவைத்து, கண்ணழுத்தம் எல்லாம் பார்த்து, ஒன்றும் கோளாறில்லை என்றான பிறகு மருந்தை விட்டார். ஈரக்கை மற்றவர்களோடு ஹாலில் உட்கார்ந்தாள், ஆனால் தொட்டியைப் பார்த்து. மேனேஜரிடம் சொல்லி விளக்கைப் போடச் சொல்லியிருந்தாள்.

அரை மணி நேரத்தில் அவள் கட்டிய அருவி ஒரு வெள்ளைக் கத்தியாகிவிட்டது. கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. சிவப்பும் ஊதாவும் ஒன்றாகக் குழம்பி, கொதிக்கிற எதையோ எட்டிப் பார்ப்பது போல இருந்தது. முகத்தைத் திருப்பியவள் பார்வையில் சட்டம் போட்ட படம் பட்டது. எழுந்து அருகில் போனாள். அந்த வேர் இப்போது ஒழுங்காக இருந்தது. பாறைக்கு முன்னாலா பின்னாலா என்ற பேச்சே இல்லை. இரண்டு இலைச் செடி ஒரே செடியாக இருந்தது. நிழல் விழ வேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. அவ்வளவு நாள் அவளை ஆட்டிவைத்த தப்புகளில் ஒன்றைக் கூடக் காணோம்.

கையை நீட்டித் தொட்டாள். குளிர்ந்த கண்ணாடி. பக்கத்தில் தொட்டியைத் தொட்டாள். அதுவும் குளிர்ந்த கண்ணாடி. ஒரு கணம் எந்தக் கை எதன் மேல் இருக்கிறது என்றே அவளுக்குப் புரியவில்லை.

"என்னம்மா, தலை சுத்துதா?" என்று மேனேஜர் ஓடிவந்தார்.

"தலை சுத்தல சார். மத்த எல்லாம்தான் சுத்துது."

அவர் போன் போட, புருஷன் வந்து முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். தெருவில் ஒவ்வொரு வண்டிக் கண்ணாடியும் சூரியனாக இருந்தது. "என்னதான் பாத்த?" என்றார். "தெரியலீங்க" என்றாள். அவர் பயந்துபோய் நின்றுவிட்டார். "தெரியலையா? கண்ணே தெரியலையா?" அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் வீடு வந்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் அந்தப் படத்தைக் கண்ணை இடுக்கிக்கொண்டு தூரத்திலிருந்துதான் பார்த்தாள். தெரிந்தது மூன்றே விஷயம்: ஒரு பெரிய கரிய உருவம், அதன் கீழே இருட்டு, வலது பக்கம் லேசான பச்சை வெளிச்சம். அதை மட்டும் வைத்துத் தொட்டியைத் திரும்பச் செய்தாள். சிவப்புச் செடிகளைப் பிடுங்கினாள். மங்கல் வெளிச்சத்திலும் வளரும் அகல இலைச் செடிகளை மரத்தில் கட்டினாள். நாலு விளக்கில் மூன்றைக் கழற்றினாள்.

அருவியை எடுக்கும்போதுதான் சண்டை வந்தது. "அதுதான்மா உயிரு!" என்று மேனேஜர் குறுக்கே நின்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள்.

"அண்ணா, வர்றவங்க கண்ணக் காட்ட வர்றாங்க. அருவி பாக்க இல்ல" என்றார் டாக்டர்.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. ஈரக்கைக்கு மனசு கேட்கவில்லை. அந்த மணலையும் குழாயையும் வைத்து, அவர் மேசையில் நிற்கிற அளவுக்குச் சின்னத் தொட்டி ஒன்று செய்து கொடுத்தாள். வேறொன்றும் இல்லை, அருவி மட்டும். இப்போது அவரைப் பார்க்கப் போகிறவர்கள் அது தண்ணீருக்குள் எப்படி விழுகிறது என்று கேட்காமல் திரும்பி வர முடியாது. அவரும் விடமாட்டார்.

நாற்காலிகள் பழையபடி தொட்டியைப் பார்த்துத் திரும்பிவிட்டன. ஆனால் குழப்பம் தீர்ந்ததா என்றால், இல்லை. நல்ல கண்ணோடு பார்த்தால் அந்தத் தொட்டிக்கும் படத்துக்கும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான். மருந்து விட்ட கண்ணோடு பார்த்தவர்களோ, படத்தில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டார்கள் என்கிறார்கள். தான் அந்தப் படத்தைச் செய்தாளா, செய்யாமல் விட்டாளா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. நாத்தனார் கேட்டால், "பாதி" என்பாள். எந்தப் பாதி என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

புதன்கிழமை தோறும் இலை நறுக்கப் போகிறாள். போன வாரம் கத்தரியோடு தொட்டிக்குள் கை விட்டிருந்தபோது, முதல் வரிசையில் கண்ணில் மருந்து விட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்:

"ஏம்மா, உள்ள எத்தன மீனு?"

"முப்பது இருக்கும் ஐயா. சின்னச் சின்ன மீனு."

"முப்பதா?" அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுதானே தெரியுது. பெரிசா, மரத்தச் சுத்தி மெதுவா வருதே."

அவள் திரும்பிப் பார்த்தாள். முப்பதும் நெருக்கமாகச் சேர்ந்து அடிமரத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. கண்ணை லேசாக இடுக்கினாள்.

"ஆமாங்கய்யா" என்றாள். "ஒண்ணுதான்."