விறாந்தையில் பந்து விழும் மைதானம்

2012 புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மன்னாருக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல, நடுவராக நிற்க. மன்னார் நகர அணிக்கும் பேசாலை அணிக்கும் இறுதிப் போட்டி. இரண்டு பக்கமும் உள்ளூர் நடுவரை நம்பவில்லை. யாழ்ப்பாணத்தில் கழகப் போட்டிகளுக்கு நடுவராக நிற்கும் என்னைக் கூப்பிட்டார்கள். மன்னார் உதைபந்தாட்டத்துக்குப் பெயர்போன ஊர். அங்கே கிரிக்கெட்டுக்கு என்ன பெரிய மைதானம் இருக்கப்போகிறது என்ற நினைப்போடுதான் தொப்பியைப் பையில் வைத்தேன்.

காலை ஆறு மணிக்குப் பூநகரி வழியாகப் போகும் பஸ். நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அப்போது வீதி பாதி கிரவல் என்பதால் மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. கட்டணம் இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. தள்ளாடி என்ற ஊரைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். காற்று பஸ்ஸையே ஒரு பக்கம் சாய்ப்பதுபோல் இருந்தது. யன்னல் ஓரம் இருப்பவர்கள் தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

நகர அணியின் கப்டன் றெஜி, பஸ் நிலையத்தில் தன் ஓட்டோவோடு காத்திருந்தான். ஓட்டோ ஓடுவதுதான் அவன் தொழில். கைக்குழந்தையாக இராமேஸ்வரத்துக்குப் படகில் போய், தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, போர் முடிந்த பிறகு திரும்பியவன். "ஏறுங்க அண்ணா" என்றவன், உடனே "ஏறுங்கோ" என்று திருத்திக்கொண்டான்.

மைதானம் கீரிக் கடற்கரைக்குப் போகும் பக்கம் இருக்கிறது. போகும்போதே அதன் கதையைச் சொன்னான். கண்ணிவெடி அகற்றுபவர்கள் வேலையை முடித்துப் போன பிறகு, முகாமிலிருந்து திரும்பிய பெடியள் சேர்ந்து உடைமுள்ளை வெட்டியிருக்கிறார்கள். காணியின் நடுவில், மண்ணுக்கு அடியில், ஒரு சிவப்புச் சீமெந்துத் தரை தட்டுப்பட்டிருக்கிறது.

"வீடு இல்லை அண்ணா. தரை மட்டும் அப்பிடியே கிடந்தது. அதையே பிட்ச் ஆக்கிட்டம்."

"ஆற்ர காணி?"

"முஸ்லிம் ஆக்கள்ட. தொண்ணூறில புத்தளம் பக்கம் போனவை எண்டு சொல்லுகினம். வந்து கேட்டா குடுத்திடோணும் எண்டு பேசித்தான் விளையாடத் தொடங்கினம்."

அவர்கள் போனார்களா, புலிகளால் போகவைக்கப்பட்டார்களா என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டோவை விட்டு இறங்கியபோது காலையில் இருந்த இளக்கார நினைப்பு எல்லாம் போய்விட்டது. எல்லைக்கோட்டுக்கு அப்பால் வெள்ளை மணல், அதற்கப்பால் கடல். ஒரு மூலையில் ஐந்தாறு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பெருக்கு மரம். அதன் நிழலில் கழுதைகள், சீட்டு வாங்கி வந்த பார்வையாளர்கள்போல அசையாமல் நின்றன. காற்றில் ஸ்டம்புக்கு மேல் வைத்த பெயில்ஸ் நிற்கவே இல்லை. மூன்று தரம் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிட்சுக்கும் இரண்டு குணம். ஒரு முனை பழைய வீட்டின் விறாந்தை. மற்ற முனை இவர்கள் குழைத்துப் போட்ட கொங்கிறீற்று. இரண்டுக்கும் மேலே தும்பு விரிப்பு. விறாந்தையில் குத்தும் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். மற்றப் பக்கம் குத்தினால் நெஞ்சுக்கு எழும்பும்.

பேசாலைக்காரர் முதலில் ஆடினார்கள். வலை இழுத்த தோள்கள். அடித்தால் பந்து கடலைத்தான் பார்க்கும். பிறகு நகர அணி ஆடியது. கடைசி இரண்டு ஓவரில் பதினான்கு ஓட்டம் தேவை. துடுப்பாட்ட முனையில் றெஜி. அப்போதுதான் வீதிப் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் நேரே மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். வெள்ளைத் தொப்பி போட்ட அந்த மனிதருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினேன்.

"ஐயா, மாச் நடக்குது. கொஞ்சம் வெளியில நில்லுங்கோ."

"தம்பி," என்றார் மிக மெதுவாக, "நான் என்ர வீட்டு விறாந்தையில நிக்கிறன்."

குனிந்து விரிப்பின் மூலையைத் தூக்கினார். உள்ளங்கையால் மணலைத் துடைத்தார். சிவப்புச் சீமெந்து தெரிந்தது. கையை எடுக்கவே இல்லை.

அவர் மனைவி மிட்விக்கெட் பக்கம் போய்விட்டார். அங்கே பலகை போட்டு மூடிய கிணறு ஒன்று இருந்தது.

"இதை ஆர் மூடினது?"

"நாங்கதான் ராத்தா," என்று றெஜி பாட் கட்டிய காலோடு ஓடினான். "ஓடேக்க ஆரும் விழுந்திடுவாங்கள் எண்டு. தூர்க்கேல்ல. இறைச்சுத் துப்புரவாக்கி, அதிலதான் தண்ணி குடிக்கிறம்."

ஒருவன் வாளியில் அள்ளிக் கொடுத்தான். அவர் கையில் ஏந்திக் குடித்தார். "இன்னும் உப்பேறேல்ல," என்று கணவரைப் பார்த்துச் சொன்னார்.

றெஜி திரும்பி வந்து ஒரு ஸ்டம்பைப் பிடுங்கினான். முஸ்லிம் வீடுகளில் அக்கா ராத்தா, அண்ணா நானா. "நானா, இது உங்கட காணி. இப்பவே கழட்டுறம்."

"நில்லு. எத்தினை ஓட்டம் வேணும்?"

"பதினாலு."

"அப்ப முடி. முடிச்சிட்டுக் கதைப்பம்."

போய் எல்லைக்கோட்டில் கதிரை ஒன்றில் அமர்ந்தார். நான் ஆட்டத்தைத் தொடங்கக் கை காட்டினேன். பேசாலைப் பந்துவீச்சாளன் ஓடி வரவில்லை. குனிந்து சப்பாத்தைக் கழற்றி, விரிப்புக்கு வெளியே ஒழுங்காக வைத்தான். றெஜியும் கழற்றினான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும். அந்த மைதானத்தில் அன்று கடைசி இரண்டு ஓவரும் வெறுங்காலோடுதான் ஆடப்பட்டன. நானும் வெறுங்காலோடுதான் நின்றேன். சீமெந்தின் சூடு விரிப்பையும் தாண்டிக் காலில் ஏறியது.

நகர அணி இரண்டு ஓட்டத்தால் தோற்றது. யாரும் கத்தவில்லை. எல்லோரும் கதிரையைச் சுற்றி நின்றார்கள்.

"வீடு கட்டத்தான் வந்தனான்," என்றார் அவர். "வேற இடம் எங்களுக்கு இல்லை."

"கட்டுங்கோ நானா. நாங்கள் வேற இடம் பாப்பம்," என்றான் றெஜி. வேறு இடம் இல்லை என்று அவன் முகமே சொன்னது.

அவர் மனைவிதான் பேசினார். "வீட்டைக் கிணத்தடியில கட்டுவம். இந்தத் தரை இனி வீட்டுக்கு ஆகாது, வெடிச்சுப்போச்சு."

"அது என்ர வாப்பா போட்ட தரை."

"ஓம். இந்தப் பெடியள் கூட்டி வச்சிருக்கிறபடியால்தான் உங்களுக்கு அது கிடைச்சது."

அவர் கடலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு, "சரி. கல்லுத் தூக்க எல்லாரும் வரோணும்," என்றார். றெஜி ஹெல்மெற்றைக் கழற்றாமலே நின்றான். கண்ணை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருடமும் நடுவராகப் போனேன். வீடு எழும்பியிருந்தது, எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே. இலங்கையில் எத்தனையோ மைதானம் பார்த்திருக்கிறேன். புற்தரையும் மின்விளக்கும் பார்த்து வாயைப் பிளந்ததுண்டு. ஆனால் ஒரு குடும்பமும் இருபத்திரண்டு பெடியளும் ஒரே தரையைப் பங்குபோட்டு வாழ்வதை அங்கே மட்டும்தான் பார்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனியில் காற்று அடங்கியிருக்கும், ஆட்டம் பார்க்க அதுதான் நல்லது. காற்றைப் பார்க்க வேண்டுமென்றால் ஆடியில் போங்கள். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் பஸ்ஸைப் பின்னேரம் தவறவிட்டால் நகரத்தில் தங்கவேண்டி வரும். பேசாலைக்குப் போனால் கருவாடு வாங்காமல் வராதீர்கள். கழுதைகளுக்குப் பாண் போடாதீர்கள், பிட்சுக்கு வந்துவிடும்.

ஆடவே போகிறீர்கள் என்றால் அந்த மைதானத்தின் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பந்து வீட்டு முற்றத்தில் விழுந்தால் இரண்டு ஓட்டம். கூரையில் விழுந்தால் ஆட்டமிழப்பு. ஓடு உடைந்தால் அடித்தவரே ஏறி மாற்ற வேண்டும். நடுவரோடு வாதாடிப் பயனில்லை. சத்தம் கேட்டதும் ராத்தா அடுப்படியிலிருந்து வெளியே வந்து விரலை உயர்த்துவார். அதற்குப் பிறகுதான் நான் உயர்த்துவேன்.