கடுதாசியின் கடைசி வரி

வாப்பா ஆமியில் லொறி ஓட்டினார். முகாம் தியத்தலாவையில். கல்முனைக்குடியில் எங்கள் தெருவுக்கு வந்து ஆமிக்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். இரண்டு பெருநாளுக்கும் லீவில் வருவார். வந்ததும் வராததுமாகத் தகரப் பெட்டியைத் திறப்பார். எனக்கு ரிப்பன், உம்மாவுக்குச் சீத்தைத் துணி. பெட்டியின் அடியில், காக்கி உடுப்புக்குக் கீழே, ஒரு கதைப் புத்தகம் இருக்கும். அந்தப் புத்தகம் எனக்கில்லை.

அது ராத்தாவுக்கு. ராத்தா என் கூடப் பிறந்தவள் அல்ல, பெரியம்மாவின் மகள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் என்பதால் அக்காவான பெரியம்மாவின் வீடும் தங்கையான உம்மாவின் வீடும் ஒரே வளவில் இருந்தன, நடுவில் ஒரு கிணறு. ராத்தா பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் வைத்துவிட்டார்கள். அவளுக்குப் பதினைந்து, எனக்குப் பதினொன்று. பள்ளிக்கூடம் போகிறவள் நான், புத்தகம் மட்டும் அவளுக்கு. எந்த ஊர் நியாயம் இது?

காரணம் இல்லாமலில்லை. உம்மா குர்ஆனைத் தங்குதடையில்லாமல் ஓதுவார். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. அவருடைய படிப்பு ஓதப்பள்ளியோடு முடிந்தது. அதனால் வாப்பாவின் கடுதாசியை வாசித்துக் காட்டுவதும், உம்மா சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் ராத்தாவின் வேலை. அந்த நன்றிக்குத்தான் புத்தகம். எங்கள் வீட்டுக்குக் கண்ணும் கையும் இந்தப் பிள்ளைதான் என்று வாப்பா சொல்லும்போது நானும் பக்கத்தில்தான் நிற்பேன். எனக்கும் இரண்டு கண்ணும் இரண்டு கையும் இருந்தன. யார் பார்த்தார்கள்? பெரியப்பாவுக்குக் கதைப் புத்தகம் கண்ணிலும் காட்டக் கூடாது. ஆனால் மச்சினியின் புருஷன் ஆமியிலிருந்து தூக்கி வந்து கொடுத்ததை என்ன சொல்வது என்று அவரும் வாயைத் திறக்க மாட்டார்.

கடுதாசி வந்த அன்று என்னைக் கிணற்றடிக்கு விரட்டிவிடுவார்கள். புருஷன் பெண்சாதி கடுதாசியைப் பெற்ற பிள்ளை கேட்கக் கூடாதாம். பெரியம்மா பிள்ளை கேட்கலாமாம். நான் விட்டேனா? குசினிப் பக்கமாகச் சுற்றி வந்து கிடுகு மறைப்பில் காதை வைப்பேன். ராத்தா றேடியோவில் வாசிப்பது போல வாசிப்பாள். அப்படி ஒருநாள் கேட்டதுதான் இது: "தொலைவில் இருந்தாலும் என் நிழல் உன் வாசலில்தான் விழுகிறது." வாப்பாவா இப்படி? எனக்குப் புல்லரித்தது. பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. என்னிடம் வாப்பா கதைத்த ஆகப் பெரிய கதை, "பல்லு விளக்கினியா?" என்பதுதான்.

சூறாவளி அடித்த அடுத்த வருடம் நோன்பு லீவு விட்டிருந்தது. எங்கள் முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய லீவு நோன்பு மாதத்தில்தான். பகல் நீண்டு கிடக்கும். ராத்தா புத்தகமும் கையுமாகத் தூணில் சாய்ந்து கிடப்பாள். நான் கேட்டால், இது பெரிய ஆட்களின் கதை, உனக்கு விளங்காது என்பாள். நோன்போடு கதைப் புத்தகம் வாசித்தால் நன்மை குறையும் என்று பெரியம்மாவிடம் கோள் மூட்டிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஆனைக்கொரு காலம் என்றால் பூனைக்கொரு காலம். நோன்பு பாதியில் ராத்தாவுக்குக் கண்நோய் வந்தது. கண் இரண்டும் வீங்கி, ஈரத்துணி போட்டுப் படுத்துவிட்டாள். மூன்றாம் நாள் தபால்காரர் மணியடித்தார். உம்மா கடுதாசியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு என்னை இருத்தினார். இதை நல்லபடி வாசித்துவிட்டால் பெருநாளைக்கு வரும் புத்தகம் என்னுடையது. அதைத்தான் நான் அல்லும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசித்தேன். தான் சுகம் என்று இருந்தது. எல்லாரும் சுகமாக இருக்க துஆச் செய்வதாக இருந்தது. மழை, குளிர். புதுச் சப்பாத்துக் கொடுத்திருக்கிறார்கள், காலைக் கடிக்கிறது. தெருப்பக்க வேலியைக் கட்டுவிக்கவும். பெருநாளைக்கு முதல் நாள் வருவேன். முடிவில் வஸ்ஸலாம். ஓர் இடத்திலும் நான் தடக்குப்படவில்லை. நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தேன்.

உம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா? பின்பக்கம் பாரு புள்ள. கடைசியில ஒரு வரி இரிக்கும்."

பின்பக்கம் முகவரி மட்டும்தான் இருந்தது. ஒன்றுமில்லை என்றேன். உம்மா கடுதாசியை வாங்கி, தெரியாத அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மடித்து மடியில் சொருகிக்கொண்டு கஞ்சிக்கு அரிசி கழுவப் போனார். நல்லா வாசித்தாய் என்று ஒரு சொல் இல்லை. எனக்கு அழுகை வந்தது. வாசித்தது நான், பிழையோ அந்த வரியை எழுதாத வாப்பாவில். குற்றம் என் தலையிலா?

அன்று உம்மா குளிக்கப் போன நேரம் அலுமாரித் தட்டில் இருந்த பழைய கடுதாசி எல்லாவற்றையும் எடுத்து வாசித்தேன். எல்லாவற்றிலும் சுகம், மழை, வேலி, வஸ்ஸலாம். நிழலும் இல்லை, வாசலும் இல்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா, ராத்தா நோன்பு திறக்கக் கஞ்சியை என்னிடம் கொடுத்தனுப்பினார். அவள் கண்ணில் துணியோடு படுத்திருந்தாள். தலையணைக்குக் கீழே போன பெருநாள் புத்தகம் நீட்டிக்கொண்டிருந்தது. கஞ்சியை வைத்தேன், புத்தகத்தை எடுத்தேன். கண் தெரியாதவளிடம் களவெடுத்தேன் என்று இப்போது எழுதவே கூசுகிறது, அப்போது கூசவில்லை. கிணற்றடியில் இருந்து புரட்டினால், நடுப்பக்கத்தில் பென்சிலால் கோடு கீறி அந்த வரி. தொலைவில் இருந்தாலும் என் நிழல்.

கள்ளி பிடிபட்டாள். எனக்குப் பெருநாள் அன்றைக்கே வந்துவிட்டது. புத்தகத்தோடு ஓடிப்போய் உம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வாப்பா அப்படி ஒரு நாளும் எழுதவில்லை, எல்லாம் ராத்தா புத்தகத்தில் பார்த்துக் கட்டினது, இனிமேல் கடுதாசியை நானே உள்ளபடி வாசிக்கிறேன் என்றேன். உம்மா அகப்பையை வைக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"எனக்குத் தெரியும் மகள். பன்ரெண்டு வருஷம் அந்த மனிசனோட வாழுறன். அவரு நிழலப் பத்தி எழுதுற ஆளா?"

அகப்பையால் சட்டியைத் துழாவிக்கொண்டே மேலே சொன்னார்.

"அந்தப் புள்ள வாசிக்கக்குள்ள, அப்பிடி எழுதத் தெரியாட்டியும் மனசில நினைச்சிரிப்பாரு எண்டு எனக்கு இரிக்கும். இத அவக்கிட்ட கேட்டுராத. புத்தகத்தக் கொண்டு போய் எடுத்த இடத்தில வை."

வைத்தேன். கண் சுகமானதும் அடுத்த கடுதாசிக்கு ராத்தாவைக் கூப்பிட்டு வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். கிணற்றைத் தாண்டிப் போன அந்தப் பத்து எட்டில் நான் அவளைத் திட்டாத திட்டு இல்லை.

பெருநாளைக்கு முதல் நாள் வாப்பா வந்து பெட்டியைத் திறந்தார். அடியில் இரண்டு புத்தகம். ஒன்றை ராத்தாவிடம் கொடுத்துவிட்டு மற்றதை என் பக்கம் நீட்டினார். மகளும் இப்போது நல்லா வாசிக்கிறாள், அவளுக்கும் ஒன்று கொண்டு வாருங்கள் என்று நோன்பு தொடக்கத்தில் எழுதியிருந்தீரே என்று உம்மாவிடம் சொன்னார். உம்மா அப்படிச் சொன்னதாக முகத்தில் தெரியவில்லை. ராத்தாவைப் பார்த்தார். ராத்தா புதுப் புத்தகத்தைத் திறந்து மூக்கை உள்ளே விட்டுக்கொண்டாள்.

எழுதினது அவள்தான். கண்நோய்க்கு முதல் எழுதின கடுதாசியில், நான் அவளைப் பற்றிப் பெரியம்மாவிடம் மூட்டித் திரிந்த அதே நாட்களில். எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான், முன்னையதை விடப் பெரிதாக. எனக்கு வேண்டியதைக்கூட எனக்கு முதல் அவள் கேட்டுவிட்டாள். இரண்டு கிழமை கழித்து, வாசித்து முடித்தால் தா என்று கேட்டாள். இன்னும் முடியவில்லை என்றேன். மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தேன். இந்த வயது வரைக்கும் அவளுக்கு நான் நன்றி சொன்னதில்லை.

அடுத்த வருடம் ராத்தாவுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். புது மாப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குத் தன் புருஷனின் கடுதாசியைத் தூக்கிக்கொண்டு போக உம்மாவுக்கு வெட்கம். வேலை என் கைக்கு வந்தது. நான் அவ்வளவு ஆசைப்பட்ட வேலை.

முதல் கடுதாசி வந்த பகல் உம்மா சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். வாசித்தேன். சுகம். மழை. லொறிக்குப் பிரேக் பிழை. மாமரத்துக் கொப்பை வெட்டுவிக்கவும். வஸ்ஸலாம் வந்துவிட்டது. அரிசிக்குள் உம்மாவின் விரல் நின்றுபோயிருந்தது.

நான் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தேன்: "எந்த ஊர்த் தண்ணீர் குடித்தாலும் என் தாகம் உன் கிணற்றடியில்தான் தீரும்."

அது என்னுடைய புத்தகத்தில், கடைசிக்கு முந்திய பக்கத்தில் இருந்தது.

"இன்னொருக்கா வாசி புள்ள" என்றார் உம்மா.

வஸ்ஸலாமுக்குக் கீழே இருந்த வெறுந்தாளைப் பார்த்து, ஒரு சொல் மாறாமல், இன்னொரு தரம் வாசித்தேன்.