இரண்டாம் ஜன்னலில் நான் திருத்திய பதிவு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல். ஆஸ்பத்திரிப் பதிவுக் கூடத்தில் முதல் ஜன்னலில் தலைமை எழுத்தர் அக்கா, இரண்டாவதில் நான், வாசல் ஸ்டூலில் காவலாளி. எதிர் பெஞ்சுகளில் நாற்பது நோயாளிகள்.

புது கம்ப்யூட்டர் வந்து மூன்று வாரம். “சீட்டு எழுதினப்போ அரை மணி நேரம், இப்ப அரை நாள்! முதல்ல இந்தப் பெட்டிக்கு வைத்தியம் பாருங்க” என்று வரிசையில் ஓர் அம்மா கத்திக்கொண்டிருந்தார்.

மணி 3.10. அவருக்கு முன்னால் ஒரு பெரியவர் என் ஜன்னலுக்கு வந்தார்.

“நான் இந்தக் கம்ப்யூட்டர்ல இல்லைன்னு எல்லாரும் திருப்பி அனுப்புறாங்கம்மா.”

அவர் சொன்ன பதிவு எண்ணைத் தட்டினேன். ‘இறந்தவர். பன்னிரண்டாம் தேதி, காலை 11.20.’

அந்த நாளில், அந்த நேரத்தில் அதை அழுத்தியது நான்தான். பழைய கோப்புகளை ஒரு நாளைக்கு இருபது வீதம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அவருடையது அறுபது பக்கம். இறந்தவர் என்று போட்டால் முதல் பக்கம் போதும். நாலு மாதமாக வராதவர்தானே என்று... போட்டுவிட்டேன்.

“மன்னிச்சிருங்க பெரியவரே. கம்ப்யூட்டர் பண்ணின தப்பு” என்றேன். வாய் கூசாத பொய்.

பதிவுக்குப் படம் எடுக்கக் கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். திரையில் அவருக்குப் பின்னாலிருந்த பெஞ்சு மட்டும் தெரிந்தது. இதுவும் மக்கர் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது, கத்திய அம்மா தன் சீட்டை நீட்டினார்... பெரியவரின் உடம்பு வழியாகவே.

நான் நிமிரவில்லை. ‘உயிருடன்’ என்று மாற்றினேன்.

“சரியாயிடுச்சா?”

“ஆச்சு.”

“அப்ப வீட்டுக்குப் போறேன்.”

வியாழன் காலை 10.05. அவர் மகள் வந்தாள்.

“நகராட்சி ஆபீஸ்ல அப்பாவோட இறப்புச் சான்று கேட்டா, ஆஸ்பத்திரிப் பதிவுல உயிரோட இருக்காருன்னு திருப்பி அனுப்பிட்டாங்கக்கா.”

“எப்போ தவறினார்?”

“பன்னெண்டாம் தேதி. வீட்டுலதான். பதினொண்ணு இருபதுக்கு.”

நான் அழுத்திய அதே நிமிடம். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“செவ்வாய்க்கிழமை சாயந்திரத்திலேருந்து வீட்டுல அப்பா இருமுற சத்தம்... அம்மா அவருக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறாங்க.”

சான்று கிடைக்க வேண்டுமென்றால் நான் மறுபடி ‘இறந்தவர்’ என்று அழுத்த வேண்டும்.

கை வரவில்லை. “கொஞ்சம் பொறுங்க” என்று அவளையும் திருப்பி அனுப்பினேன்.

உணவு இடைவேளையில் அவளுக்குக் கடிதம் எழுதினேன். அறுபது பக்கச் சோம்பல், பொய், எல்லாவற்றையும். கடைசியில் இப்படி: “அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். அம்மா சரியென்றால் மட்டும் அழுத்துகிறேன்.”

உறையை ஒட்டினேன். 1.40க்குத் தபால் பெட்டியில் போட்டேன்.