புளி போட்டுத் தேய்த்த ஈயக்கல்

எங்கள் மாவட்டத்தின் பழமையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் நடுகல்லில்தான் போய் முடிப்பார்கள். மாட்டைக் கவர வந்தார்கள், தடுத்தவன் செத்தான், கல் நட்டார்கள். அவ்வளவுதான் தருமபுரி. கல்லூரிக் காலத்திலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அந்த வீரர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஊரில் எல்லோருமேவா மாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்? விளைந்ததை ஒருத்தர்கூட விற்கவில்லையா, வாங்கவில்லையா?

மொரப்பூருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் அகழாய்வு நடக்கப்போகிறது என்று தெரிந்ததும், ஆய்வு மாணவியாகப் போய் ஒட்டிக்கொண்டேன். குழுத் தலைவர் சென்னைக்காரர். நல்ல மனிதர், ஆனால் எதையும் லேசில் நம்பமாட்டார். அந்த மேடு பழைய மாட்டுப்பட்டி என்பது அவர் கட்சி. சந்தை என்பது என் கட்சி. இரண்டு பழைய வண்டித்தடங்கள் வந்து கூடுகிற இடம் அது. அங்கே போய் மாட்டை மட்டும் கட்டிவிட்டு எவனாவது சும்மா உட்கார்ந்திருப்பானா என்று அவரிடம் சண்டை போடுவேன். "கேள்வி நல்லாத்தான் இருக்கு. ஆதாரம் எங்கம்மா?" என்பார்.

ஒரு மத்தியானம் என் குழியில், மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே, இரண்டு ஈயக் கட்டிகள் கிடைத்தன. ஒன்று இலந்தைப்பழம் அளவு, இன்னொன்று நெல்லிக்காய் அளவு. அடி தட்டை, தலை உருண்டை, மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. எங்கள் மாரண்டஹள்ளிச் சந்தையில் காய்கறி எடை போடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். கையில் எடுத்ததுமே, தராசில் வைக்கிற கல் என்று என் மனசு அடித்துச் சொன்னது.

தலைவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீன் வலையில கட்டற ஈயக்குண்டா இருக்கும். இல்லன்னா பழைய பேட்டரி ஈயத்தை யாராவது உருக்கி ஊத்தியிருப்பாங்க. ஏர் ஓட்டின மண்ணு. எப்ப வேணா வந்து விழுந்திருக்கலாம்."

"வலைக்குண்டுன்னா கயிறு கோக்க ஓட்டை இருக்கணுமே சார்?"

"ஓட்டை இல்லாததெல்லாம் எடைக்கல் ஆயிடுமா?"

கட்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டகைப் பெட்டியில் வைத்தேன். எரிச்சல் தாங்கவில்லை. மழைக்கு முன்னால் குழிகளை மூட வேண்டும், ஆயுத பூசை முடிந்ததும் முதலில் மூடுவது உன் குழிதான் என்று அவர் சொல்லிவிட்டார். மூடினால் அறிக்கையில் மாட்டுப்பட்டி என்றே ஏறிவிடும். அதை மாற்றுவதற்காக இன்னொரு முறை யார் வந்து இங்கே தோண்டப்போகிறார்கள்?

என் வயிற்றெரிச்சலை எல்லாம் குழியில் வேலை செய்த பெண்களிடம்தான் கொட்டினேன். எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களுக்கு மேஸ்திரி மாதிரி ஓர் அக்கா இருந்தார். அவரிடம் கட்டிகளைக் காட்டி, "இது தராசுக் கல்லுக்கா, அந்தக் காலத்துலயே இங்க சந்தை இருந்துச்சுக்கா" என்று நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்.

ஆயுத பூசையன்று காலையில் கொட்டகைக்குப் போனேன். மண்வெட்டி, கடப்பாரை, சல்லடை, கொத்துக்கரண்டி எல்லாம் குளித்துச் சந்தனப் பொட்டோடு சாய்ந்திருந்தன. பொரி, கடலை, வாழைப்பழம். நடுவில் ஒரு வாழையிலையில், புதுச் சில்லறை போலப் பளபளவென்று, என் இரண்டு ஈயக் கட்டிகள். தலைக்கு ஒரு செவ்வந்திப் பூ வேறு. வெள்ளைப் பூச்சு சுத்தமாகக் காணோம்.

"யாரு இதத் தொட்டது?" என்று கத்தினேன்.

"நான்தாங்க மேடம்," என்றார் அக்கா. "பொட்டியிலருந்து எடுத்துப் புளி போட்டு நல்லாத் தேச்சு வெச்சங்க. ஏங்க, பொட்டு கோணலா இருக்குதுங்களா?"

"அது மேல பூத்திருந்ததுதானக்கா பழசுங்கறதுக்குச் சாட்சியே! அதப் போயித் தேப்பாங்களா?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "நீங்கதான தராசுக் கல்லு, தராசுக் கல்லுன்னு சொன்னீங்க? பாலக்கோட்டு மண்டியில எந்தக் கடையிலயாவது கல்லத் தேய்க்காம பூச போடுவாங்களாங்க? நம்மகிட்ட கல்லு இருக்கறப்ப, அத உட்டுப்போட்டு மம்மட்டிக்கு மட்டும் பொட்டு வெச்சா நல்லாவா இருக்கும்?"

அந்த மேட்டில் என் பேச்சை முழுசாக நம்பிய ஒரே ஆள் அவர்தான். நம்பியதால்தான் தேய்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு கை பொரி அள்ளித் தின்றேன்.

தலைவர் கத்தித் தீர்த்தார். அப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்துக் கட்டிகளைப் பார்த்தார். பூச்சுக்கு அடியில் மறைந்திருந்தது இப்போது தெரிந்தது. சின்னதின் தலையில் ஒரு கோடு, பெரியதில் இரண்டு. நான் துள்ளினேன். அவர் துள்ளவில்லை.

"கோடு யாரு போட்டா, எப்பப் போட்டான்னு இந்த ஈயம் சொல்லுமா?" என்றார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. என் குழியை எட்டிப் பார்த்தார். "சரி. உன் குழியில அடியில மண்தரை ஒண்ணு உடையாம கெடக்குதில்ல? அதுக்குக் கீழ ஒரு கட்டி கிடைச்சா ஒத்துக்கறேன். மழை வர்ற வரைக்கும் தோண்டு."

அவர் கேட்டது நியாயம். திமிசு போட்டு இறுக்கிய பழைய தரை அது. ஒரு வெடிப்புக்கூட இல்லை, மேலே பழங்காலத்துப் பானை ஓடுகள் பரவிக் கிடந்தன. அதன் அடியில் இருப்பது தரை போடுவதற்கு முன்பே விழுந்ததாகத்தான் இருக்க முடியும். பேட்டரி உருக்குகிற எவனும் அதற்குள் புகுந்திருக்க முடியாது.

தோண்டினோம். வானம் தினமும் கறுத்துக் கறுத்துக் கலைந்தது. மழை வேண்டாம் தாயே என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்ட விவசாயக் குடும்பத்துப் பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கரி வந்தது, எலும்புத் துண்டு வந்தது, மேலும் மேலும் ஓடு வந்தது. அக்கா மண்ணைச் சலித்துக்கொண்டே இருந்தார். புளி போட்ட குற்றம் அவர் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் என் கரண்டி நுனியில் ஏதோ மொத்தென்று தட்டியது. கல்லாக இருந்தால் கணீரென்றிருக்கும். மண்ணை லேசாக விலக்கினேன். வெள்ளை பூத்த ஓர் உருண்டைத் தலை. உடனே கையை எடுத்துவிட்டுத் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் கையாலேயே எடுக்கட்டும், அப்புறம் வாயைத் திறக்க முடியாது என்று ஒரு திமிர்தான்.

அவர் முட்டி போட்டு உட்கார்ந்து தூரிகையால் தட்டினார். அடி தட்டை, தலை உருண்டை, மங்கலாக மூன்று கோடு. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார். "தராசு ஒண்ணு வேணும். தட்டு வெச்சது," என்றார்.

மொரப்பூர் நகை ஆசாரி ஒருவரிடமிருந்து தராசும் எடைப்பெட்டியும் வந்தன. அதற்குள் சேதி பரவி, பக்கத்துத் தக்காளித் தோட்டத்திலிருந்தவர்கள் எல்லாம் குழியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒரு தட்டில் ஒற்றைக்கோட்டுக் கல்லும் இரட்டைக்கோட்டுக் கல்லும். மறு தட்டில் மூன்று கோடு. முள் ஆடியது, ஆடியது, நின்றது. மூன்றின் பக்கம் மயிரிழை சாய்ந்து நின்றது.

ஒன்றும் இரண்டும் மூன்று ஆகவில்லையே என்று பதறினேன். தலைவர் அசரவில்லை. ஆசாரியின் பெட்டியிலிருந்து ஒரு குன்றிமணியை எடுத்து மேலே நின்ற தட்டில் போட்டார். முள் நட்டநடுவில் வந்து நின்றது.

"இந்தக் குன்றிமணி எடை எங்க போச்சு தெரியுமா?" என்று அக்காவைப் பார்த்தார். "உங்க புளி தின்னுடுச்சும்மா."

குழியே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் அவர் என் பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி, "மாட்டுப்பட்டி இல்லம்மா. சந்தைதான்," என்றார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தராசையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், விளைந்ததை ஒரு நாளாவது சந்தையில் கொண்டுபோய் இறக்கிய யாரும் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்.

"அப்ப, ஏமாத்துக் கல்லு இல்லீங்களே சார்?"

தலைவர் மூன்று கற்களையும் எடுத்து அவர் கையில் வைத்தார். "இல்லம்மா. சரியான கல்லு. உங்க ஊர்க்காரங்க ஒழுங்காத்தான் நிறுத்திருக்காங்க."

அக்கா அவற்றைத் தலைக்கு மேலே தூக்கி மேட்டில் நின்றவர்களுக்குக் காட்டினார். "கேட்டுக்கிட்டீங்களா? நம்மாளுங்க சரியா நிறுத்துனவங்க!"

நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தேன்.